சேட் கஸ்தூர்பாய் லால்பாய்: ஓர் இல்லறச் சமணரின் வாழ்வும் பணியும்

சமண அறம் துறவறத்தார்க்கே முழுமையாகப் பொருந்துவது, பொருளீட்டுதலைத் தொழிலாகக் கொண்ட இல்லறத்தானுக்கு அதில் ஓரத்தில்தான் இடம் என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உளர். இவ்வெண்ணம் சரிதானா என்பதை நூல்களைக் கொண்டு ஆராய்வதைவிட, வாழ்ந்து காட்டிய ஒருவரைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும் எனக் கருதி, அகமதாபாத் நகரின் ஆலையதிபர் சேட் கஸ்தூர்பாய் லால்பாய் அவர்களின் வரலாற்றை இவ்விதழில் எடுத்துக் கொள்கிறோம். குஜராத்தியில் 'பாய்' என்பது உடன்பிறந்தான் எனப் பொருள்படும் மரியாதை விகுதி. தமிழ் எழுத்தில் எழுதுங்கால் அன்னை கஸ்தூரிபாயின் பெயரோடு இது மயங்கக் கூடும் ஆதலின் முன்னரே சொல்லி வைத்தோம்.

அவர் சுவேதாம்பரப் பிரிவினர். நாமோ திகம்பர நெறியில் நிற்பவர்கள். அவர் வணிகர், நம்மவரோ வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக உழுதொழிலை நம்பி வாழ்ந்தவர்கள். எனினும் ஒரு சமுதாயத்தின் பொதுச்சொத்தை எவ்வாறு காப்பது, கோயிலை எவ்வாறு புதுப்பிப்பது, ஏட்டுச்சுவடிகளை எவ்வாறு பேணுவது என்னும் வினாக்கள் இரு சாராருக்கும் பொதுவானவை. அவற்றுக்கு அவர் கண்ட விடைகளை அறிந்துகொள்வதில் பிரிவு வேற்றுமை குறுக்கே நிற்க வேண்டியதில்லை.

கஸ்தூர்பாயின் முன்னோருள் தலைசிறந்தவர் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாந்திதாஸ் ஜவேரி. மொகலாய அரசவைக்கு மணிகள் விற்ற வணிகர், 1659-இல் மறைந்தவர். அகமதாபாத்தை அடுத்த சரஸ்பூரில் அவர் எழுப்பிய சிந்தாமணி பார்சுவநாதர் ஆலயத்தை 1645-இல் அப்பொழுது குஜராத் ஆளுநராக இருந்த ஔரங்கசீப் மசூதியாக மாற்றிவிட்டார். சாந்திதாஸ் நேரே பேரரசர் ஷாஜகானிடம் முறையிட்டார். 1648-இல் கோயிலைத் திருப்பித் தருமாறு ஆணை பிறந்தது. ஆணை வந்தபோதிலும் அங்கு மீண்டும் பழைய வண்ணம் வழிபாடு நடைபெறவில்லை. ஆயினும் சத்ருஞ்ஜய மலை சமணர்களுக்கு உரியது என்னும் அரசாணைகளை அவர் பெற்று வைத்தமை, பின்வந்தோர்க்குப் பேருதவியாயிற்று. அவருடைய பேரர் குஷால்சந்த், 1725-இல் மராட்டியப் படை நகரைச் சூறையாட வந்தபொழுது, தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் படையை விலகச் செய்தார். நன்றி மறவாத நகர வணிகர்கள், நகரில் முத்திரையிடப்படும் சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு நாலணா வீதம் அக்குடும்பத்துக்கு என்றென்றும் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தனர். அக்குடும்பத்தாரிடம் மக்கள் எதை எதிர்பார்த்தனர் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

கஸ்தூர்பாய் 1894 டிசம்பர் 19-இல் பிறந்தார். அகமதாபாத்தில் முதல் நூற்பாலை 1861-இல் தோன்றியது. லேவாதேவியிலும் நகை வணிகத்திலும் ஊறிய குடும்பங்கள் சற்றுத் தயங்கிய பின்னரே ஆலைத் தொழிலில் இறங்கின. தந்தையார் லால்பாய் தல்பத்பாய் 1897-இல் சரஸ்பூர் ஆலையையும், 1905-இல் ராய்ப்பூர் ஆலையையும் நிறுவினார். 1912-இல் சகோதரர்களிடையே பாகப்பிரிவினை நேர்ந்தது. லால்பாயின் பங்குக்கு ராய்ப்பூர் ஆலை வந்தது. அதே ஆண்டில் அவர் திடீரெனக் காலமானார். மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரியில் கால் வைத்திருந்த கஸ்தூர்பாய்க்கு அப்போது வயது பதினேழு. படிப்பு நின்றது. ஆலைக்குள் நுழைந்த இளைஞர் முதலாளி இருக்கையில் அமரவில்லை. தொழிலாளர் வருகை நேரத்தைக் குறிக்கும் வேலையில் தொடங்கி, பின்னர்ப் பண்டகசாலையைப் பார்த்து, அதன் பிறகு பஞ்சு கொள்முதலைத் தம் பொறுப்பில் எடுத்துக் கொண்டார். நூற்பாலையின் இலாப நட்டம் பெரும்பாலும் பஞ்சு வாங்குமிடத்திலேயே முடிவாகிவிடும் என்பது அத்தொழில் அறிந்தோர் கூற்று. பருத்தி விளையும் ஊர்களுக்கே சென்று, இழையின் நீளத்தையும் வலுவையும் கையால் இழுத்துப் பார்த்துத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டார்.

அவரது தொழில் வளர்ச்சியை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. சுருங்கக் கூறி மேலே செல்வோம். முதல் உலகப் போருக்குப் பின் அசோகா ஆலை எழுந்தது. 1931-இல், உலகெங்கும் பொருளாதார மந்தம் கவிந்திருந்த காலத்தில், 25,25,000 ரூபாய் பங்கு மூலதனத்தில் அரவிந்த் ஆலை தொடங்கப்பட்டது. 52,560 கதிர்களும் 1,122 தறிகளும் கொண்ட ஆலை அது. மந்த காலத்தில் ஆலை தொடங்குவது மடமை என்று தோன்றலாம். ஆனால் அந்நியத் துணியைப் புறக்கணித்த மக்கள் அதற்கு ஈடான மெல்லிய துணியை உள்நாட்டில் தேடி நின்ற காலமும் அதுவே. முரட்டுத் துணி மட்டுமே நெய்துகொண்டிருந்தால் சுதேசி இயக்கம் நெடுநாள் நிலைக்காது என்பதை உணர்ந்து நயமான துணியில் கவனம் செலுத்தினர். இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குள் அக்குடும்பத்தின் கீழ் ஏழு ஆலைகள் இயங்கின. வெளிநாட்டுச் சாயத்தை நம்பியிருந்த நிலையை மாற்ற, 1947-இல் வல்சாடுக்கு அருகே அதுல் என்னும் சாய, இரசாயனத் தொழிற்சாலை தோற்றுவிக்கப்பட்டது. 1952-இல் அதனைத் திறந்து வைத்தவர் பிரதமர் நேரு.

பொதுவாழ்விலும் அவர் பங்கு சிறிதன்று. 1923 முதல் 1926 வரை மத்திய சட்டசபையில் ஆலையதிபர்களின் பிரதிநிதியாக இருந்தார். இந்திய ஆலைத் துணிக்கு 1896 முதல் விதிக்கப்பட்டு வந்த மூன்றரை விழுக்காட்டு உற்பத்தி வரியை நீக்குமாறு போராடியவர்களுள் அவர் ஒருவர். அவ்வரி 1925 டிசம்பரில் நிறுத்தப்பட்டு மறு ஆண்டில் நீங்கியது. ரிசர்வ் வங்கி இயக்குநராக 1937 முதல் 1949 வரை பணியாற்றினார். நாட்டுப் பிரிவினையால் கராச்சித் துறைமுகம் கைவிட்டுப் போனபின், மேற்குக் கரையில் புதிய துறைமுகம் எங்கே அமைவது என ஆராய்ந்து கண்ட்லாவைப் பரிந்துரைத்த குழுவின் தலைவரும் அவரே.

தொழிலாளர் விஷயத்தில் அவரை வெறும் புகழ்மொழிகளால் மூடிவிட நாம் விரும்பவில்லை. அகமதாபாத்தில் கூலித் தகராறுகளை இரு தரப்பு நடுவர்கள் கூடித் தீர்க்கும் முறை காந்தியடிகளின் முயற்சியால் ஏற்பட்டது. 1936-இல் ஆலையதிபர்கள் கூலியைக் குறைக்க வேண்டினர். தொழிலாளர் சார்பில் காந்தியடிகளும், ஆலையதிபர் சார்பில் கஸ்தூர்பாயும் நடுவராயினர். இருவர் கருத்தும் ஒன்றுபடவில்லை. வழக்கு மேல்நடுவரிடம் சென்றது. அவர் கூலிக் குறைப்புக்கு இடந்தரவில்லை. காந்தியடிகளிடம் பெருமதிப்பு வைத்திருந்தும், தம் தரப்புக் கணக்கை விட்டுக்கொடாமல் வாதாடினார் கஸ்தூர்பாய். தொழிலாளர் பக்கம் நின்று பார்ப்போர்க்கு இது குறையாகவே தோன்றும். அதை மறைக்க வேண்டியதில்லை. தோற்ற பின் தீர்ப்பை ஏற்கும் முறையில் அவர் கட்டுப்பட்டிருந்தார் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

இனி நம் கட்டுரையின் உயிர்ப்பகுதிக்கு வருவோம்.

சௌராஷ்டிரத்தில் பாலிதானா என்னும் ஊரை அடுத்து நிற்பது சத்ருஞ்ஜய மலை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறிச் சென்றால் நூற்றுக்கணக்கான ஆலயங்கள் சிகரமெங்கும் நிறைந்து நிற்கும். இரவில் அம்மலையில் எவரும் தங்குவதில்லை, பூசகரும் இறங்கிவிடுவர். ஆதிபகவன் பன்முறை எழுந்தருளிய மலை என்பது சுவேதாம்பரர் நம்பிக்கை. திகம்பர மரபிலும் அது சித்தக்ஷேத்திரமே. பாண்டவருள் மூவரும், எட்டுக்கோடி திராவிட மன்னரும் வீடுபேறு எய்திய சிகரம் என நாம் ஓதும் பிராகிருத நிர்வாண காண்டம் அதனைப் போற்றுகிறது. திராவிட மன்னர் பெயர் அங்கே வருவதை நம் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுதல் நன்று.

இம்மலையையும் வேறு பல தீர்த்தங்களையும் பரிபாலிக்கும் அமைப்பு 'ஆனந்த்ஜி கல்யாண்ஜி பேடி'. பேடி என்றால் வணிகர் கணக்கிருக்கை. ஆனந்த்ஜி, கல்யாண்ஜி என இரு மனிதர்கள் இருந்ததில்லை. ஆனந்தம், கல்யாணம் என்னும் மங்கலச் சொற்களையே வணிகர் தம் வழக்கப்படி கடைப்பெயர் போல் வைத்துக் கொண்டனர். 1880-இல் பல ஊர்ச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி இதற்கு விதிமுறைகள் வகுத்தனர். லால்பாய் அதன் தலைவராக விளங்கினார். பின்னர் மகன் கஸ்தூர்பாய் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்பொறுப்பைத் தாங்கினார்.

பாலிதானா ஒரு சிற்றரசு. யாத்திரிகர்களின் பாதுகாப்புக்கென அரசருக்குச் சமணர்கள் பணம் செலுத்தும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 1821-இல் ஆண்டுக்கு 4,500 ரூபாய் என ஒப்பந்தம். 1863-இல் அது 10,000 ஆயிற்று. 1886-இல் நாற்பதாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 15,000 என முடிவு செய்யப்பட்டது. அந்த நாற்பதாண்டு 1926 மார்ச் இறுதியில் முடிந்தது. இனி மொத்தத் தொகை வேண்டா, மலையேறும் ஒவ்வொருவரிடமும் தலைவரி தண்டுவேன் என்றார் அரசர்.

பணம் படைத்த சமுதாயம் இதைப் பொருட்படுத்தியிருக்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். சிக்கல் தொகையில் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று எண்ணத் தொடங்கினால், படியடியில் அரசரின் சேவகன் நிற்பான். யார் யாத்திரிகர், யார் அல்லர் என அவனே தீர்மானிப்பான். நாளடைவில் மலை யாருடையது என்ற வினாவுக்கும் அவனே விடை சொல்வான். அதனால் சமணர்கள் வரி கொடுக்க மறுத்தனர். கலகம் செய்யவில்லை. மலைக்குப் போவதையே நிறுத்திவிட்டனர். 1926 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி ஈராண்டுகளுக்கு மேல் யாத்திரை நின்றது. கார்த்திகைப் பௌர்ணமி வந்தது, சித்திரைப் பௌர்ணமி வந்தது. கூட்டம் நெரியும் படிகள் வெறுமையாகக் கிடந்தன. வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆதிநாதரைத் தரிசிக்க வேண்டுமெனக் காத்திருந்த முதியோர் எத்தனை பேர் அந்த ஈராண்டில் அவ்விருப்பம் நிறைவேறாமலே கண்மூடியிருப்பர்! யாத்திரிகரை நம்பிய டோலி தூக்கிகளும் கடைக்காரர்களும் பட்ட துன்பமும் சிறிதாயிராது. அறப்போராட்டம் என்றாலும் அதன் சுமை ஏழைகள் மீதும் விழவே செய்கிறது.

பேச்சுவார்த்தையில் சமணர் தரப்பில் முன்னின்றவர்களுள் கஸ்தூர்பாயும் ஒருவர், முப்பத்துமூன்று வயதினர். 1928 மே மாதம் சிம்லாவில் வைசிராய் இர்வின் பிரபு முன்னிலையில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆண்டுக்கு 60,000 ரூபாய், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு, தலைவரி இல்லை. ஜூன் முதல் நாள் யாத்திரை மீண்டும் தொடங்கியது. முன்பு கொடுத்த தொகைக்கு இது நான்கு மடங்கு. வணிகக் கணக்கில் தோல்வி என்று கூடச் சொல்லலாம். ஆனால் படியடியில் சேவகன் நிற்கவில்லை. பணத்தில் விட்டுக்கொடுத்து உரிமையில் விட்டுக்கொடாமை என்னும் இக்கணக்கு, பஞ்சு மண்டியில் பேரம் பேசிப் பழகியவருக்கு எளிதில் விளங்கியிருக்கும் என்பது நம் எண்ணம். முப்பத்தைந்து ஆண்டும் செலுத்த வேண்டிய தேவை நேரவில்லை. நாடு விடுதலை பெற்றுச் சிற்றரசுகள் இணைந்தபின், 1948-இல் சௌராஷ்டிர அரசு அக்கட்டணத்தையே நீக்கிவிட்டது.

அடுத்து அவர் மேற்கொண்டது திருப்பணி. ஆரவல்லி மலைக்காட்டில் உள்ள ராணக்பூர் ஆலயம், 15-ஆம் நூற்றாண்டில் தரணாசா என்னும் வணிகர் எடுப்பித்தது. 1439-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்குள்ளது. 1,444 தூண்கள் என்பது வழக்கு. மக்கள் நடமாட்டம் குறைந்து, விலங்குகளும் கள்வரும் உலவும் இடமாகிச் சிதைந்து கிடந்தது. 1930-களின் நடுவில் தொடங்கிப் பதினோராண்டுகள் அங்குப் பணி நடந்தது. பின்னர் அபு மலையின் தில்வாரா ஆலயங்கள் - 1031-இல் விமலசா எடுத்ததும், 1230-ஐ ஒட்டி வஸ்துபாலர், தேஜபாலர் சகோதரர்கள் எடுத்ததும் - திருப்பணி பெற்றன. தாரங்கா, கும்பாரியா முதலியனவும் தொடர்ந்தன.

திருப்பணி என்றால் என்ன என்பதில்தான் அவர் பலரினும் வேறுபட்டார். பழைய சிற்பத்தின் மீது தலைமுறைதோறும் பூசிய சுண்ணத்தை நீக்கிக் கல்லை வெளிப்படுத்துவதே முதல் வேலை என்றார். உடைந்த பகுதிக்கு மாற்றுக்கல் வைக்கும்போது, கையில் கிடைத்த கல்லை வைக்காமல், ஆதியில் எந்த மலையிலிருந்து சலவைக்கல் வந்ததோ அம்மலைக் கல்லையே தேடினர். அபு ஆலயங்களுக்கு அம்பாஜிப் பகுதிக் கல் அவ்வாறு வந்தது. பரம்பரைச் சிற்பிகளான சோமபுராக்களைக் கொண்டு, அருகிலுள்ள பழைய வேலைப்பாட்டைப் பார்த்தே புதியதைச் செதுக்கச் செய்தனர். அரையங்குல இதழ் ஒன்றுக்காக ஒரு சிற்பி பல நாள் உட்கார வேண்டியிருக்கும். செலவு மதிப்பீட்டைத் தாண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளும் தலைமை இருந்தால்தான் இத்தகைய பணி நடக்கும்.

சத்ருஞ்ஜயத்தில் இது பெரிய சோதனையாயிற்று. மூலவர் ஆலயத்தை ஒட்டிப் பிற்காலத்தார் பக்தி மேலீட்டால் சிறு சிறு சன்னிதிகளைக் கட்டிக்கொண்டே போனதால், பழைய கோயிலின் சுவர்ச் சிற்பங்களே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தன. அவற்றை அகற்ற வேண்டும் என முடிவாயிற்று. ஆனால் ஒவ்வொரு சன்னிதியிலும் பூசை பெற்ற திருவுருவம் இருக்கிறது. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் நேர்ச்சை இருக்கிறது. தம் பாட்டனார் பிரதிட்டை செய்த பெருமானைப் பெயர்க்க யார் மனம் ஒப்புவர்? எதிர்ப்பு எழாமல் இல்லை. அத்திருவுருவங்கள் அனைத்துக்கும் மலைமீதே புதிய ஆலயம் ஒன்று கட்டி, 1976-இல் முறைப்படி பிரதிட்டை செய்த பின்னரே அப்பணி நிறைவெய்தியது. ஒன்றும் கைவிடப்படவில்லை, பழமையும் வெளிப்பட்டது.

நம் ஊர்ச் சினாலயங்களில் நன்கொடையாளரின் விருப்பத்துக்கு இணங்கிக் கற்சிற்பத்தின் மேல் எனாமல் வண்ணம் தீட்டுவதையும், மணல் வீச்சால் கல்லின் தோலை உரிப்பதையும், தேய்ந்த கல்வெட்டின் மேல் பளிங்குத் தகடு ஒட்டுவதையும் காண்கிறோம். நல்லெண்ணத்தால் செய்யப்படுவனவே. ஆயினும் கல்வெட்டு மறைந்தால் அக்கோயிலுக்கு நிலம் விட்டவன் பெயரும் உடன் மறைகிறது என்பதைத் திருப்பணிக் குழுவினர் ஒருகணம் எண்ண வேண்டும்.

ஓர் ஐயம் எழும். இத்தனை ஆலைகளுக்கு உடையவர் பொருள்வரைதல் என்னும் அணுவிரதத்தை எவ்வாறு கைக்கொண்டிருக்க முடியும்? அருங்கலச்செப்பு முதலிய சாவக நூல்கள் இல்லறத்தானைப் பொருளற்றவனாக இருக்கச் சொல்லவில்லை. எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதில் பற்று நீங்கச் சொல்கின்றன. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானம் அம்மிகுதி செல்லவேண்டிய வாய்க்கால். கஸ்தூர்பாய் தமக்கு என்ன எல்லை வகுத்துக்கொண்டார் என்பது அவர் நெஞ்சுக்கே உரிய செய்தி. மிகுதி எங்கே சென்றது என்பதை மட்டும் நாம் காணலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கோயிலுக்கென வந்த பணம் தேவதிரவியம். அதைக் கோயிலுக்கன்றி வேறெதற்கும், கல்விக்குக்கூட, செலவிடலாகாது என்பது சுவேதாம்பர மரபு. எனவே திருப்பணி சங்கத்தின் நிதியில் நடந்தது. கல்விப்பணிக்கு ஆலைகளும் குடும்ப அறக்கட்டளைகளும் தனியே கொடுத்தன. இரு கணக்குகளும் கலக்கவில்லை.

1930-களின் நடுவில் அகமதாபாத்தில் உயர்கல்விக்குப் போதிய இடமில்லை. நகரப் பெரியோர் தொடங்கிய கல்விக் கழகத்தில் அவர் முதன்மையானவர். பின்னாளில் குஜராத் பல்கலைக்கழகம் எழ அது வழிகோலிற்று. தந்தையார் பெயரில் கலைக்கல்லூரி 1937-இலும், பொறியியற் கல்லூரி 1948-இலும் தோன்றின. விக்ரம் சாராபாயோடு சேர்ந்து நெசவுத்தொழில் ஆராய்ச்சிக் கழகத்தையும், 1961-இல் இந்திய மேலாண்மைக் கழகத்தையும் அந்நகருக்குக் கொண்டுவருவதில் பங்கு கொண்டார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர் கட்டிய கல்லூரிகள் இவை!

எனினும் நம்மவர் கருத்தைப் பெரிதும் கவர வேண்டியது சுவடிப்பணியே. முனி புண்ணியவிஜயர் என்னும் அறிஞர் சுவேதாம்பரத் துறவி; 1971-இல் மறைந்தவர். ஜெய்சால்மர் நிலவறைகளில் பூட்டிக் கிடந்த பனையோலைச் சுவடிகளை மாதக்கணக்கில் அங்கேயே தங்கி ஒழுங்குபடுத்தியவர். துறவிக்கு உடைமை இல்லை; ஆனால் அவரிடம் ஏறத்தாழ 10,000 சுவடிகள் சேர்ந்திருந்தன. தமக்குப் பின் அவை என்னாகும் என்பது அவர் கவலை. கஸ்தூர்பாய் முன்வந்து, 1950-களின் பிற்பகுதியில் தந்தையார் பெயரால் லால்பாய் தல்பத்பாய் இந்தியவியல் நிறுவனத்தை அமைத்தார். கட்டடத்தை வடிவமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. வெயிலும் ஈரமும் தாக்காதபடி சுவடிகளைத் தரைமட்டத்துக்குக் கீழே வைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பண்டிதர் தல்சுக் மால்வணியா அவர்களின் தலைமையில் சுவடிப்பட்டியல்களும் பதிப்பு நூல்களும் வரிசையாக வெளிவந்தன. பட்டியல் அச்சான பின்னரே உலகெங்கிலும் உள்ள ஆராய்ச்சியாளர்க்கு அங்கே என்ன இருக்கிறது என்பது தெரியவந்தது. பூட்டிய பெட்டியில் உள்ள சுவடிக்கும் இல்லாத சுவடிக்கும் வேறுபாடு குறைவு.

நம் நாட்டில் 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமண அன்பர்கள் நூற்பொருளை விளக்கி உதவினர். அவ்வீடுகளில் சிந்தாமணி படிப்பது அப்போதும் நின்றுபோகாமல் இருந்தமையால்தான் அவ்வுதவி இயன்றது. இன்று நம் இல்லங்களில் பரணிலும் பூசையறையிலும் துணி சுற்றிக் கிடக்கும் ஏடுகள் எத்தனை, அவற்றில் என்ன நூல்கள் உள்ளன என்பதற்கு ஒரு பட்டியலேனும் ஊர்தோறும் எழுதப்படுமாயின், பின்வரும் பதிப்பாசிரியர் எவருக்கேனும் அது கைகொடுக்கும். எழுதுவதற்கு ஆலை முதலாளி ஒருவர் வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு குறிப்பேடும், எழுத்தறிந்த பெரியவர் ஒருவரும் போதும்.

1969-இல் இந்திய அரசு கஸ்தூர்பாய்க்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1980 ஜனவரி 20-இல் அவர் காலமானார். சத்ருஞ்ஜயத்தில் பெயர்த்து வைத்த திருவுருவங்களுக்குப் பிரதிட்டை நடந்து அப்போது நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.